16 கிராம் விமானம்

காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த நாளில், அவ்வாட்சியின் தலைநகரான பாரீஸில் 1850-இல் பிறந்தவர் அல்போன்ஸ் பெனோ. கடற்படை அட்மிரல் ஒருவரின் மகன். இடுப்பெலும்பு நோயால் கடற்படையில் சேரும் வாய்ப்பை இழந்த அவர், வானத்தின்மீது கருத்தைச் செலுத்தினார்.

அக்காலத்தில் பறக்கும் இயந்திரம் என்றாலே நீராவியும் பெரும் பளுவும்தான். பெனோ முறுக்கிய ரப்பர் நாடாவின் விசையை நம்பினார். 1871 ஆகஸ்ட் 18 அன்று பாரீஸின் துய்லெரி பூங்காவில், அறிஞர்கள் முன்னிலையில் அவரது மாதிரி விமானம் 11 விநாடிகள் பறந்தது. அதன் எடை 16 கிராம். நீளம் ஏறக்குறைய அரை மீட்டர்.

இறக்கை முனைகளை மேல்நோக்கி வளைத்ததால், விமானம் ஒருபக்கம் சாய்ந்தாலும் நிமிர்ந்தது. வால்பகுதிச் சிறகைச் சற்றே கீழ்ச்சாய்வாகப் பொருத்தியதால், மூக்கு தாழ்ந்து வேகம் கூடும்போது காற்று வாலை அழுத்தி மூக்கை உயர்த்தியது. இன்று மாணவர்கள் எடை குறைந்த நுரைப்பலகையில் செய்து ரேடியோ அலையால் இயக்கும் விமானங்களிலும் இந்தச் சமநிலைத் தத்துவமே பயன்படுகிறது.

1876-இல் பெனோ, பால் கோஷோவுடன் இணைந்து, நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல விமானத்துக்குக் காப்புரிமை பெற்றார். கண்ணாடிக் கூடு, உள்ளிழுக்கும் சக்கரங்கள், ஒரே கைப்பிடியில் இயங்கும் கட்டுப்பாடு ஆகிய யாவும் அதில் இருந்தன. ஆனால், அதைக் கட்டுவதற்குப் பணம் தர எவரும் முன்வரவில்லை. ஏளனமும் நோயும் அவரை வாட்டின. 1880-இல், 30-ஆம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அதற்கு ஈராண்டு முன்பு, அமெரிக்காவில் ஒரு தந்தை தம் மகன்களுக்கு ரப்பர் விசையில் பறக்கும் பொம்மை ஒன்றை வாங்கித் தந்தார். அது பெனோவின் வடிவமைப்பைத் தழுவியது. அந்தச் சிறுவர்களே 1903-இல் விமானத்தில் பறந்த ரைட் சகோதரர்கள்.

வெற்றி உறுதியான பிறகே முதலீடு வரும் என்பது சந்தையின் இயல்பு. அதற்கு முந்தைய சிறு சோதனைகளின் இழப்பைச் சமூகம்தான் ஏற்க வேண்டும். காரைக்காலின் திருவேட்டக்குடியில் தேசிய தொழில்நுட்பக் கழகம் இயங்குகிறது. சுற்றிலும் பள்ளிகள் உள்ளன. உடைந்தால் மீண்டும் செய்துகொள்ளக்கூடிய மாதிரி விமானங்களுக்கு அங்கெல்லாம் ஒரு சிறு தொகையும் ஒரு கூடமும் ஒதுக்கலாம். விளையாட்டு என்று நாம் தள்ளிவைப்பது, இன்னொரு பெனோவின் வாழ்நாள் உழைப்பாக இருக்கக்கூடும்.