மறைந்த ஒலியைக் கண்டறிந்தவர்

உங்கள் வீட்டில் அகப்பையை ஆப்பை என்றும், பெயரைப் பேர் என்றும் சொல்லுகிறீர்கள் அல்லவா? நடுவிலிருந்த ஓர் ஒலி மறைந்தது. போகும்போது முன்னிருந்த குறிலை நெடிலாக்கிவிட்டுப் போயிற்று. இத்தகைய சுவடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒலிகளைக் கண்டறிந்த ஒரு வாலிபரின் சரித்திரத்தைக் கேளுங்கள்.

பெர்டினாண்ட் தெ சொசூர் 1857-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி சுவிட்சர்லாந்து தேசத்தில் ஜெனீவா நகரில் பிறந்தார். தகப்பனார் இயற்கை நூல் வல்லவர். மகனோ பாஷைகளில் மனம் வைத்து, 1876-ல் ஜெர்மனியின் லைப்சிக் சர்வகலாசாலைக்குச் சென்றார்.

லத்தீன், கிரேக்கு, சமஸ்கிருதம், ஜெர்மன் முதலியவை ஒரே தாய்ப் பாஷையின் மக்கள் என்பது அப்போதே தெரிந்திருந்தது. ஆனால் அத்தாயின் பேச்சை எழுதிவைத்தவர் யாருமில்லை. மக்களின் சாயலை ஒப்பிட்டே தாயின் முகத்தை அறியவேண்டும். சொசூர் அப்படி ஒப்பிட்டபோது, வினைப் பகுதிகளில் அநேகம் ஒரே அச்சில் வார்த்தவை போலிருந்தன. ஒரு குறில், அதன்பின் வேறோர் ஒலி. நெடிலுள்ள சில மட்டும் முறை தப்பி நின்றன. அங்கும் குறிலுக்குப்பின் ஓர் ஒலி இருந்து மறைந்தது என்று கொண்டால் எல்லாம் சீர்ப்பட்டன. அவ்வாறு மறைந்த ஒலிகள் இரண்டு என்று 1878 டிசம்பரில் ஒரு நூல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21.

எந்தப் பாஷையிலும் கேட்டிராத ஒலியை எப்படி நம்புவது? அறிஞர் பலர் ஏற்கவில்லை. சொசூர் பாரிசிலும், 1891 முதல் ஜெனீவாவிலும் பாடம் சொல்லி வந்தார். தம் கணக்குக்குச் சாட்சி வருமுன்பே 1913 பிப்ரவரி 22-ந் தேதி காலமானார்.

சாட்சியோ மண்ணுக்குள் இருந்தது. இன்றைய துருக்கி தேசத்தில் பொகாஸ்கோய் என்னுமிடத்தில் 1906-ல் தோண்டியபோது, ஹிட்டைட் என்னும் பழைய ஜாதியாரின் களிமண் ஏடுகள் ஏராளமாய் வெளிப்பட்டன. அந்தப் பாஷையும் அதே தாயின் பிள்ளையே என்று 1915-ல் ஹ்ரோஸ்னி என்னும் செக் அறிஞர் காட்டினார். 1927-ல் குரிலோவிச் என்னும் போலந்து அறிஞர், அதிலுள்ள ஒரு தொண்டை ஒலி சொசூர் குறித்த இடங்களிலேயே நிற்பதைக் கண்டார்.

ஓர் உதாரணம். மேய்ப்பருக்கு லத்தீனில் பாஸ்தோர் என்று பெயர். அதில் முதலெழுத்து நெடில். அதற்கு உறவான ஹிட்டைட் சொல் ‘பஹ்ஸ்’. காப்பது என்று பொருள். குறிலும் இருக்கிறது, மறைந்த ஒலியும் இருக்கிறது. ஆப்பைக்குள் அகப்பை இருந்ததுபோலவே!

நூல் வெளிவந்து 49 ஆண்டுகள். ஆசிரியர் கல்லறை சேர்ந்து 14 ஆண்டுகள். உழைப்பின் பலனைக் காணவில்லையே என்று சோர்ந்திருக்கும் தாய் தகப்பன்மாரே, நீங்கள் செவ்வையாய்ச் செய்த காரியம் வீண்போகாது. அதற்குரிய சாட்சி இன்னும் மண்ணுக்குள் இருக்கலாம்.