வெண்கலம் திரட்டிய செல்வர்

பாரிஸ் மாநகரில், மொன்சோ பூங்காவின் அருகே, ஒரு மாளிகை உண்டு. அதன் பெருங்கூடத்திலே 14 அடிக்கு மேற்பட்ட உயரமுள்ள வெண்கலப் புத்தர் வீற்றிருக்கின்றார். யப்பானியக் கோயிலொன்றில் வழிபாடு பெற்ற அத்திருவுருவை அங்கே கொண்டுசேர்த்தவர் என்றி சேர்னுஸ்கி என்பார்.

இவர் 1821 ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரிற் பிறந்தார், சட்டம் பயின்றார். 1848 இல் அந்நகர மக்கள் ஆஸ்திரிய ஆட்சியை எதிர்த்து ஐந்து நாட் போராடியபோது முன்னணியில் நின்றார். அடுத்த ஆண்டு உரோமாபுரிக் குடியரசு வீழவே, சிறைப்பட்டு, விடுதலையானபின் பிரான்சு நாட்டை அடைந்தார். அங்கே வங்கித் தொழிலாற் பெருஞ்செல்வரானார். பொன்னும் வெள்ளியும் ஒருங்கே நாணயமாக வழங்கவேண்டுமென வாதாடிய பொருளியலறிஞரும் இவரே. உலோகத்தோடு இவர் கொண்ட உறவு நாணயத்திலே தொடங்கிற்று என வேடிக்கையாகச் சொல்லலாம்.

1871 இல், பாரிஸ் கொம்யூன் கிளர்ச்சியின்போது, இவருடைய நண்பர் சோதே சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டே சேர்னுஸ்கி, கலை விமரிசகர் தெயோதோர் துய்ரேயுடன் கீழைநாடுகளுக்குப் புறப்பட்டார்.

அக்காலத்து யப்பானில் நிலைமை மாறியிருந்தது. 1868 இல் அமைந்த மெய்சி அரசு சிந்தோ நெறியைப் பௌத்தத்தினின்றும் பிரித்தது. அதன் விளைவாகப் பௌத்த கோயில்கள் பல இடிக்கப்பட்டன. படிமங்களும் மணிகளும் உலோக விலைக்கு விலைப்பட்டன. உருக்குலைக்குச் சென்றனவும் பல. பூச்சாடி, தூபக்கலசம், விலங்குருவம் என்றிவற்றைச் சேர்னுஸ்கி தேடித்தேடி வாங்கினார். மெகுரோ என்னுமிடத்தில், தீயால் அழிந்த கோயிலொன்றின் நிலத்தில் வானமே கூரையாக இருந்த அமித புத்தரைக் கண்டார், விலைபேசினார், பகுதி பகுதியாகக் கழற்றிக் கப்பலேற்றுவித்தார். பின்னர் சீனம், சாவகம், நமது இலங்கை, இந்தியா ஆகிய நாடுகளையும் கண்டு 1873 இல் மீண்டார்.

அவ்வாண்டே, 4,000 க்கு மேற்பட்ட அவர் திரட்டிய பொருள்களிற் பல பாரிசிலே காட்சிக்கு வைக்கப்பட்டன. மெழுகுக் கருவினால் வார்த்த நுண்ணிய வேலையும், மருந்திட்டு ஏற்றிய கருமை செம்மை நிறங்களும் மேலைநாட்டாரை வியப்பில் ஆழ்த்தின. அந்நாட்டு வெண்கலத் தொழிலாளரும் அவற்றை மாதிரியாகக் கொண்டனர்.

அவர் வாங்காதிருப்பின் அப்படிமம் உலைக்குப் போயிருக்கலாம், இதனை மறுத்தற்கில்லை. ஆயினும், பூவும் புகையும் பெற்ற திருமேனி, விருந்தினர் உலாவும் கூடத்துக்கு அணிகலனானதை எண்ணுங்கால், அச்செயலை முற்றும் புகழ என் மனம் ஒருப்படவில்லை.

1896 இல் மந்தோன் நகரிற் காலமான சேர்னுஸ்கி, மாளிகையையும் அதிலுள்ள யாவற்றையும் பாரிஸ் நகருக்கே எழுதிவைத்தார். 1898 இல் அது அரும்பொருட்சாலையாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.