தலைப்பெழுத்தில் இருக்கும் தகப்பனார்

பத்துமலை என்றதும் கா. தம்புசாமிப் பிள்ளையின் பெயர் நினைவுக்கு வரும். அந்தக் 'கா' யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம்.

அவருடைய தந்தை காயாரோகணம் பிள்ளை. வெள்ளைக்காரர்கள் ஒரே குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பல தலைமுறைகளைத் தேடிப் போகலாம். நமக்கு அந்த வசதி இல்லை, மாணவர்களே. 'பிள்ளை' என்பது சாதிப் பட்டம்; ஆயிரக்கணக்கானோருக்கு உண்டு. தலைப்பெழுத்துதான் நமக்கு நூல்முனை. காயாரோகணம் என்பது நாகப்பட்டினத்துச் சிவன் கோயிலின் பெயர். அப்படியானால் பூர்வீகம் நாகையா? அவசரப்பட வேண்டாம். கும்பகோணத்திலும் காஞ்சியிலும் அதே பெயரில் கோயில்கள் உண்டு. பெயர் ஒரு துப்பு மட்டுமே.

தம்புசாமி இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர் என்று நினைப்போர் உண்டு. அவர் 1850இல் சிங்கப்பூரில் பிறந்தவர். ராஃபிள்ஸ் கல்விக்கழகத்தில் படித்தவர். டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் வேலை பார்த்தார். டேவிட்சன் 1875இல் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆனபோது, தம்புசாமியும் கிள்ளானுக்கு வந்தார். காப்பார் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்: அன்று மாநிலத் தலைநகர் நம் பக்கத்துக் கிள்ளான்தான். 1880இல்தான் அது கோலாலம்பூருக்கு மாறியது.

கருவூலத்தில் பணியாற்றிய அவர், பின்னர் லோக் இயூவுடன் சேர்ந்து ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார். 1894இல் அங்கே மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். நாட்டின் மின்சார வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1893இல் எழுந்த விக்டோரியா கல்விக்கூடத்தின் முன்னோடிகளிலும் அவர் ஒருவர்.

கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயில் 1873இல் அவரால் தொடங்கப்பட்டது என்பார்கள். ஆனால் கிள்ளானுக்கு வந்தது 1875 என்கிறோமே! இப்படி ஆண்டுகள் இடிக்கும் இடத்தில்தான் குடும்ப வரலாறு தேடுபவருக்கு உண்மையான வேலை ஆரம்பம். அவர் முன்பே வந்து போனாரா, குடும்பத்தில் வேறொருவர் தொடங்கினாரா என்று பழைய ஆவணங்களைத்தான் புரட்ட வேண்டும். குடும்பக் கோயிலாக இருந்த அது, 1920களின் பிற்பகுதியில்தான் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது.

பத்துமலையில் முருகனை அவர் பிரதிஷ்டை செய்தது 1891இல். தைப்பூசம் மறு ஆண்டு தொடங்கியது. 1902இல், பிறந்த சிங்கப்பூரிலேயே காலமானார்.

உங்கள் தாத்தாவின் பிறப்புப் பத்திரம் வீட்டில் இருக்கிறதா? அதில் அவருடைய தகப்பனார் பெயரையும் பிறந்த தோட்டத்தின் பெயரையும் முதலில் பாருங்கள். பிறகு பாட்டியிடம் குலதெய்வம் எந்த ஊரில் என்று கேளுங்கள்.