பாரத ரத்னா பட்டியலில் இடம்பெறாத நேதாஜி

1992 ஜனவரி 22ஆம் நாள் புதுடில்லி ராஷ்டிரபதி பவனிலிருந்து ஒரு செய்திக் குறிப்பு வெளியானது. சுபாஷ் சந்திர போஸுக்கு மறைவுக்குப் பிந்தைய பாரத ரத்னா விருது வழங்கப்படும் என்று அது தெரிவித்தது. மறுநாள் அவருடைய பிறந்தநாள். இந்தியா முழுவதும் மகிழ்ச்சி பொங்கும் என்று எதிர்பார்த்த அரசாங்கத்திற்குக் கிடைத்தது கண்டனமும் நீதிமன்ற வழக்கும்தான்.

அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர் ஒரு தமிழர், தஞ்சை மண்ணில் பிறந்த ஆர்.வெங்கட்ராமன். மலாயாவும் சிங்கப்பூரும் அவருக்குப் புதிய ஊர்களல்ல. ஜப்பானியர் ஆட்சியில் அவர்களோடு ஒத்துழைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இந்தியர்களுக்காக வாதாட, 1946இல் இங்கு அனுப்பி வைக்கப்பட்ட வழக்கறிஞர் குழுவில் அவரும் ஒருவர். நேதாஜியைப் பின்பற்றியதன் விலை என்ன என்பதை அவர் இந்த மண்ணிலேயே கண்டவர்.

1897இல் ஒடிசாவின் கட்டாக் நகரில் வசதியான வங்காளிக் குடும்பத்தில் பிறந்தவர் சுபாஷ். இங்கிலாந்து சென்று ஐ.சி.எஸ். தேர்வில் நான்காம் இடம் பெற்றார். அந்தக் காலத்தில் ஓர் இந்தியனுக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் கிடையாது. 1921இல் அதைத் துறந்து அரசியலுக்கு வந்தார். 1938இல் காங்கிரஸ் தலைவரானார். அடுத்த ஆண்டு காந்தியடிகள் ஆதரித்த பட்டாபி சீதாராமையாவைத் தேர்தலில் தோற்கடித்து மீண்டும் வென்றார். ஆனால் பதவியில் நீடிக்க முடியவில்லை. 1941 ஜனவரியில் கல்கத்தா வீட்டுக் காவலிலிருந்து மாறுவேடத்தில் தப்பி ஆப்கானிஸ்தான் வழியாக பெர்லின் போய்ச் சேர்ந்ததும், 1943இல் நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே பயணமானதும் பலரும் அறிந்த கதை.

நம் மக்களுக்கு நேதாஜியின் கதை தொடங்குவது 1943 ஜூலை 2ஆம் நாள் அவர் சிங்கப்பூரில் வந்திறங்கியபோதுதான். இரண்டு நாள் கழித்து கேத்தே அரங்கில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை முதியவர் ராஷ் பிகாரி போஸிடமிருந்து ஏற்றுக்கொண்டார். சரணடைந்த பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு முன்பு தொடங்கப்பட்டு, கலைந்துபோகும் நிலையில் இருந்த இந்திய தேசிய ராணுவத்திற்கு அவரால் புத்துயிர் வந்தது. இந்த முறை அதில் சேர்ந்தவர்கள் சிப்பாய்கள் மட்டுமல்ல. பால் வெட்டும் கத்தியைப் பிடித்த கைகள் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டன. ஊர் ஊராகப் போய் அவர் ஹிந்துஸ்தானியில் பேசினார், அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது. தோட்டத்தில் வெள்ளைக்கார துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற மக்களிடம், அவர்களும் ஒரு நாட்டின் குடிமக்கள் என்று சொன்ன முதல் பெரிய தலைவர் அவர்.

பெண்களும் வந்தார்கள். டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் பெரும்பாலோர் மலாயா தமிழ்ப் பெண்கள், அவர்களிலும் பலர் தோட்டத்துப் பெண்கள். கோலாலம்பூரில் நேதாஜியின் பேச்சைக் கேட்டுத் தம் வைரத் தோடுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்த ஜானகி, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பனாக இந்நாட்டில் அறியப்பட்டார். 1945இல் ரங்கூன் கைவிடப்பட்டபோது, நேதாஜி விமானத்தில் தப்பிக்கவில்லை. இந்தப் பெண்களோடு சேர்ந்து, குண்டுவீச்சுக்கு நடுவே, வழியின் ஒரு பகுதியை நடந்தே கடந்து பாங்காக் போய்ச் சேர்ந்தார். படைவீரர்கள் அவரைக் கடைசிவரை மறக்காததற்கு மேடைப் பேச்சைவிட இந்த நடை பெரிய காரணம்.

மறுபக்கமும் உண்டு. இந்தியாவில் நடக்கும் விருது விவாதங்களில் அது பேசப்படுவதில்லை என்றாலும் தோட்டப்புறக் குடும்பங்கள் அதை மறக்கவில்லை. 1943 அக்டோபர் 21ஆம் நாள் கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கம் பிரகடனம் செய்யப்பட்டது. அதே மாதத்தில்தான் சயாம் - பர்மா மரண ரயில்பாதையின் இரு முனைகளும் இணைந்தன. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் பல்லாயிரம் மலாயா தமிழர்கள் காலராவுக்கும் பசிக்கும் அடிக்கும் பலியானார்கள். அவர்களைப் பிடித்துக்கொண்டு போனது நேதாஜியின் கூட்டாளியான அதே ஜப்பானிய ராணுவம். சயாமுக்குப் போவதைவிடப் படையில் சேர்வது மேல் என்று சேர்ந்தவர்களும் உண்டு. நேதாஜியைப் பெருமைப்படுத்தும்போது அந்தக் கூட்டணியின் விலையில் ஒரு பங்கை நம் மக்கள்தாம் செலுத்தினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வது நியாயம்.

1944இல் இம்பால் போர்முனையில் படை தோற்றுத் திரும்பியது. ஜப்பான் சரணடையப்போகும் செய்தி அவரை எட்டியபோது அவர் சிரம்பானில் இருந்தார். சிங்கப்பூர் திரும்பி, ஆகஸ்டு 16ஆம் நாள் அங்கிருந்து விமானம் ஏறினார். 18ஆம் நாள் தைவானில் விமான விபத்தில் மாண்டார் என்று அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூர் கடற்கரையில் ஜூலையில் அவர் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துத் தள்ளினர்.

இந்த மரணச் செய்திதான் பாரத ரத்னாவுக்கு முட்டுக்கட்டை ஆனது. 1956இல் ஷா நவாஸ் கான் குழுவும், 1970களில் கோஸ்லா ஆணையமும் விபத்து உண்மையே என்று கூறியிருந்தன. ஆயினும் வங்காளத்தில் பலர் நம்பவில்லை. மறைவுக்குப் பிந்தைய விருது என்று எழுதினால் மரணத்தை அரசாங்கமே முத்திரை குத்தி ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. எந்த விருதையும்விட உயர்ந்தவருக்கு, பலருக்கும் கொடுத்து முடித்தபின் ஒரு விருதா என்ற கோபமும் அதில் இருந்தது. குடும்பத்தினரும் ஏற்க முன்வரவில்லை.

கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. பாரத ரத்னா 1954இல் தொடங்கியபோது ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சர் சி.வி.ராமன் மூவரும் பெற்றனர். மறைந்தவர்களுக்கு வழங்க அப்போது விதியே இல்லை. அடுத்த ஆண்டு விதி மாறியது. அதே 1955இல் பிரதமர் நேரு பதவியில் இருந்தபடியே விருது பெற்றார். 1988இல் எம்.ஜி.ஆருக்கு, அவர் மறைந்த சில வாரங்களிலேயே கொடுக்கப்பட்டது. அம்பேத்கரோ 1990 வரையிலும், பட்டேல் 1991 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. தேர்தல் கணக்கும் தகுதியும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டால் இப்படித்தான் முன்பின்னாக வரும். ஆண்டுதோறும் டத்தோ, டான்ஸ்ரீ பட்டியல் வெளியானதும் காப்பிக் கடையில் நடக்கும் பேச்சைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அரசாங்கம் விருதை முறைப்படி வழங்கவுமில்லை, அரசிதழில் வெளியிடவுமில்லை. 1997 ஆகஸ்டு 4ஆம் நாள், அந்தச் செய்திக் குறிப்பு ரத்தானதாகக் கருதப்படும் என்று நீதிபதிகள் அறிவித்து வழக்கை முடித்தனர்.

அடுத்த ஆண்டே கேப்டன் லட்சுமிக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. 2000இல் ஜானகி ஆதி நாகப்பன் பத்மஸ்ரீ பெற்றார். 2022இல் டில்லி இந்தியா கேட் அருகே, ஒரு காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சிலை நின்ற விதானத்தின் கீழ் நேதாஜியின் கருங்கல் சிலை நிறுவப்பட்டது. பாரத ரத்னா பட்டியலில் அவர் பெயர் இன்றும் இல்லை. தோட்டங்களிலிருந்து படைக்குச் சென்று திரும்பி மறுபடியும் பால் வாளியைத் தூக்கியவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.