கடலுக்குள் கண் திறந்தவர்!

பக்கெட் தண்ணீருக்குள் முகத்தை அமிழ்த்தி, கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா குட்டீஸ்? அடியில் கிடக்கும் சோப்புகூடக் கலங்கலாகத்தான் தெரியும். தண்ணீர் அழுக்காக இருப்பதால் அல்ல. நம் கண் காற்றில் பார்ப்பதற்கென்றே அமைந்தது. காற்றிலிருந்து கண்ணுக்குள் நுழையும் ஒளி நன்றாக வளையும். தண்ணீரிலிருந்து நுழையும் ஒளி அவ்வளவாக வளையாது. அதனால் பிம்பம் சரியான இடத்தில் விழுவதில்லை. கண்ணுக்கும் தண்ணீருக்கும் நடுவே கொஞ்சம் காற்று இருந்துவிட்டால் போதும், எல்லாம் பளிச்சென்று தெரியும்.

அந்தக் கொஞ்சூண்டு காற்று ஒருவரின் வாழ்க்கையையே திருப்பிப் போட்டது. அவர்தான் ஜாக் ஈவ் கூஸ்டோ.

பிரான்ஸ் நாட்டில் போர்டோ நகருக்கு அருகில் ஒரு சிற்றூரில், 1910 ஜூன் 11ல் பிறந்தவர். சிறு வயதில் நோஞ்சான். ஓடியாடக் கூடாது என்று டாக்டர்கள் தடை போட்டிருந்தார்கள். ஆனால், தண்ணீரைக் கண்டால் பையனை நிறுத்த முடியாது. அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் சில காலம் அமெரிக்காவில் இருந்தது. அப்போது 10 வயது. கோடைக்கால முகாம் ஒன்றில், ஏரிக்கு அடியில் கிடந்த பட்டுப்போன மரக்கிளைகளை எடுத்துப் போடும் வேலையை அவன் தலையில் கட்டினார் ஆசிரியர். கண்ணாடியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கலங்கிய தண்ணீரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கி மூழ்கி எழுந்தான். முக்குளிக்கப் பழகியது அப்படித்தான்.

இன்னொரு கிறுக்கு, சினிமா கேமரா. 13 வயதில் சேமிப்புக் காசில் ஒன்று வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பார்த்து, திரும்ப மாட்டினான். படிப்பில் மட்டும் நாட்டமில்லை. ஜன்னல் கண்ணாடிகளை உடைத்ததற்காகப் பள்ளியிலிருந்தே வெளியேற்றப்பட்டான்! பிறகு கண்டிப்பான விடுதிப் பள்ளியில் சேர்த்ததும் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தான்.

1930ல் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார் கூஸ்டோ. ஆசை என்னவோ வானத்தின் மேல்தான். விமானியாகப் பயிற்சியும் எடுத்தார். 1936ல், அப்பாவின் காரை இருட்டில் மலைப்பாதையில் ஓட்டிச் சென்றபோது விளக்குகள் அணைந்துபோயின. கார் உருண்டது. இரண்டு கைகளிலும் எலும்பு முறிவு. ஒரு கையை வெட்டி எடுத்துவிடலாம் என்றார்கள் டாக்டர்கள். கூஸ்டோ ஒப்புக்கொள்ளவில்லை. பல மாதங்கள் போராடி, அசைவில்லாமல் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக அசைத்தார். கை பிழைத்தது. ஆனால், விமானி ஆகும் கனவு முடிந்தது.

கடற்படை அவரைத் தெற்கே தூலோன் துறைமுகத்துக்கு அனுப்பியது. அங்கே சக அதிகாரி பிலிப் தையே, கைக்குப் பலம் வர நீந்தச் சொல்லி, நீச்சல் கண்ணாடி ஒன்றையும் கொடுத்தார். கூஸ்டோ அதை மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் நுழைத்தார். பச்சையும் பழுப்புமாகப் பாசிகள், பாறைகள், அவற்றுக்கிடையே மீன்கள்! தலையைத் தூக்கினால் கரையில் டிராம் வண்டி, மின்கம்பம், மனிதர்கள். திரும்பக் குனிந்தால் வேறு ஓர் உலகம். அன்றோடு வானத்தை மறந்துவிட்டார்.

இந்தக் கண்ணாடியில் ஒரு வில்லங்கம் இருந்தது. கடலில் 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்காகிவிடும். வெளியே தண்ணீர் அழுத்தும். கண்ணாடிக்குள் இருப்பதோ மேலேயிருந்து கொண்டுபோன அதே காற்று. உடனே கண்ணாடி, சுவரில் ஒட்டும் ரப்பர் கிண்ணம்போலக் கண்ணை உறிஞ்ச ஆரம்பிக்கும். ஆழம் போகப் போக வலிக்கும், கண்ணில் ரத்தம் கட்டும்.

இதற்கு வழி எளிமையானது. மூக்கையும் சேர்த்து மூடிவிட வேண்டியதுதான்! 1930களின் பிற்பகுதியில், இரு கண்களுக்கும் ஒரே கண்ணாடி வைத்து, மூக்கையும் உள்ளடக்கிய ரப்பர் முகமூடிகள் பிரான்சின் தென்கடற்கரையில் புழக்கத்துக்கு வந்தன. அழுத்தம் கூடினால், மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்றை ஊதிவிட்டால் சரியாகிவிடும். முக்குளிப்பதற்கான முகமூடி இன்றைக்கும் மூக்கை மூடியே இருப்பது இதனால்தான். ஆனாலும், உள்ளே பார்க்கும் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கிட்டத்தில் இருப்பதுபோலவும் தெரியும். முக்குளித்தவர் பிடித்த மீனின் அளவைச் சொன்னால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்!

கூஸ்டோ, தையே, ஈட்டியால் மீன் பிடிப்பதில் கெட்டிக்காரரான பிரெடெரிக் டுமா ஆகிய மூவரும் இணைபிரியாத கூட்டாளிகள் ஆனார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்த காலம் அது. சினிமா பிலிம் கிடைக்காததால், புகைப்பட பிலிம் சுருள்களை ஒட்டி ஒட்டிக் கேமராவில் போட்டார்கள். தண்ணீர் புகாத பெட்டிக்குள் கேமராவை வைத்து, மூச்சை அடக்கியபடியே கடலுக்கடியில் ஒரு படம் எடுத்தார்கள்.

மூச்சு முட்டும்போதெல்லாம் மேலே வர வேண்டியிருந்தது. காற்றுக் குழாயோடு இறங்கினால் நினைத்த இடத்துக்குப் போக முடியாது. காற்று உருளை இருந்தது. ஆனால், அது ஓயாமல் காற்றைக் கொட்டிச் சீக்கிரம் தீர்ந்துவிடும். மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்று வர வேண்டும். இது கூஸ்டோவை அரித்துக்கொண்டே இருந்தது. அவருடைய மனைவி சிமோனின் அப்பா, வாயுக்கள் தயாரிக்கும் நிறுவனத்தில் அதிகாரி. அங்கே எமில் கன்யான் என்ற இன்ஜினியர் இருந்தார். போரினால் பெட்ரோல் தட்டுப்பாடு. காரை வாயுவால் ஓட்டுவதற்காக, இன்ஜினுக்குத் தேவையான அளவு மட்டும் வாயுவை விடும் ஒரு வால்வை அவர் செய்து வைத்திருந்தார். அதை மனிதனின் நுரையீரலுக்கு ஏற்ப மாற்றினார்கள்.

1943 ஜனவரியில், பாரிசுக்கு அருகே மார்ன் ஆற்றின் சில்லிட்ட நீரில் சோதனை. படுத்த வாக்கில் நீந்தினால் அருமையாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று தானாகக் கொட்டியது. தலைகீழானால் மூச்சே வரவில்லை! யோசித்தபோது காரணம் புரிந்தது. மூச்சை வெளியே விடும் துவாரம் ஓர் இடத்திலும், காற்று தரும் வால்வு வேறு உயரத்திலும் இருந்தன. தண்ணீரில் ஒரு சாண் உயர வித்தியாசம்கூட அழுத்தத்தை மாற்றிவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பிரச்னை தீர்ந்தது.

அந்த ஜூன் மாதம் மத்தியதரைக் கடலில் இறங்கினார் கூஸ்டோ. மேலே முகமூடி அணிந்து மிதந்தபடி கண்காணித்துக்கொண்டிருந்தார் சிமோன். கூஸ்டோ குட்டிக்கரணம் போட்டார், தலைகீழாக நின்றார். காற்று சீராக வந்தது. ஒரு குகைக்குள்ளிருந்த சிங்கி இறால்களைப் பிடித்து மேலே கொண்டுவந்தும் கொடுத்தார். அந்தக் கருவிதான் 'அக்வாலங்'. 1946ல் விற்பனைக்கு வந்தது. அதுவரை கனமான செம்புத் தலைக்கவசம் போட்டவர்கள் மட்டுமே நீண்ட நேரம் இருக்க முடிந்த கடலடியில், சாதாரண மக்களும் நீந்தினார்கள்.

அருங்காட்சியகத்திலோ, பழைய புகைப்படத்திலோ முக்குளிப்பு முகமூடியைப் பார்த்தால் அதன் வயதைக் கொஞ்சம் ஊகிக்கலாம். வட்டமாகவோ முட்டை வடிவிலோ ஒரே கண்ணாடி, சுற்றிலும் கறுப்பு ரப்பர், மூக்குக்குத் தனி இடமில்லை என்றால் அது ஆரம்பக் காலத்து வகை. காது அடைத்துக்கொண்டால் மூக்கைப் பிடித்து ஊத வேண்டும் அல்லவா? அதற்கு வசதியாக மூக்குப் பை வைத்தவை பின்னால் வந்தன. ஒளி ஊடுருவும் சிலிகானில் செய்தது என்றால், பெரும்பாலும் 1970களுக்குப் பிந்தையது. பழையதைப் போட்டுக்கொண்டு கடலில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். ரப்பர் இறுகி வெடித்திருக்கும். அந்தக் காலத்துக் கண்ணாடி பலவும் சாதாரணக் கண்ணாடி. உடைந்தால் கண்ணுக்கே ஆபத்து.

போர்க்காலக் கண்ணிவெடி அகற்றும் கப்பலான 'கலிப்ஸோ' 1950ல் கூஸ்டோவின் கைக்கு வந்தது. கோடீஸ்வரர் ஒருவர் வாங்கி, வருடம் ஒரு பிராங்க் வாடகைக்குக் கொடுத்தார். அந்தக் கப்பலில் போய் எடுத்த 'மௌன உலகம்' என்ற படம், 1956ல் கான் திரைப்பட விழாவின் முதல் பரிசையும், அடுத்த ஆண்டு ஆஸ்கரையும் வென்றது. இன்று அதைப் பார்த்தால் சில காட்சிகள் நெஞ்சை உறுத்தும். மீன்களை எண்ணுவதற்காகப் பவளப்பாறையில் வெடி வைத்திருக்கிறார்கள். சுறாக்களைக் கோபத்தில் அடித்துக் கொன்றிருக்கிறார்கள். கடலை நேசித்தவர் செய்த காரியம்தான் இது!

ஆனால், அதே மனிதர் வருடக்கணக்கில் கடலுக்குள் போய்வந்து, மீன்கள் குறைவதையும் பாசிப் படுகைகள் அழிவதையும் பார்த்தார். 1960ல் கதிரியக்கக் கழிவுகளை மத்தியதரைக் கடலில் கொட்டும் திட்டம் வந்தபோது எதிர்த்து நின்றார். திட்டம் கைவிடப்பட்டது. 1962ல் மார்செய் நகருக்கு அருகே, 10 மீட்டர் ஆழத்தில் வீடு அமைத்து இருவரை ஒரு வாரம் தங்கவைத்தார். சிவப்புக் குல்லாவோடு டிவியில் தோன்றி, உலகம் முழுவதும் வீடு வீடாகக் கடலைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

1979ல் பெரிய அடி விழுந்தது. கூடவே படம் எடுத்துவந்த இளைய மகன் பிலிப், போர்ச்சுகலில் கடல் விமானம் விபத்துக்குள்ளாகி இறந்துபோனார். அப்போது கூஸ்டோவுக்கு 69 வயது. கொஞ்ச காலத்தில் மறுபடியும் கப்பலேறினார். அமேசான் நதிக்கும் போய்ப் படம் எடுத்தார். அண்டார்டிகாவில் சுரங்கம் தோண்டக் கூடாது என்று உலகெங்கும் கையெழுத்து திரட்டினார். சுரங்க வேலைக்குத் தடை விதிக்கும் ஒப்பந்தம் 1991ல் கையெழுத்தானது.

1996 ஜனவரியில் சிங்கப்பூர் துறைமுகத்தில், சரக்குப் படகு ஒன்று மோதி கலிப்ஸோ மூழ்கியது. அதைத் தூக்கி எடுத்தார்கள். ஆனால், கூஸ்டோ அதில் மறுபடி பயணம் போகவில்லை. 1997 ஜூன் 25ல், 87வது வயதில் பாரிசில் காலமானார். பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.