தமிழில் மருத்துவம் தந்த கிறீன் வைத்தியர்

தெல்லிப்பழையில் படித்த எமக்கு அமெரிக்க மிஷன் புதியதன்று. 1816இல் டானியல் பூவர் பாதிரியார் இங்கு வந்து பணி தொடங்கிய கதையைக் கேட்டே வளர்ந்தோம். அதே மிஷனின் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். வைத்தியரான பின்புதான் அவரது அருமை எமக்குப் புரிந்தது.

1822இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்து, நியூயோர்க்கில் மருத்துவம் கற்ற கிறீன், 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மானிப்பாயில் நோயாளரைப் பார்த்துக்கொண்டு, உள்ளூர் இளைஞருக்கு ஆங்கிலத்தில் மருத்துவமும் கற்பித்தார். ஆனால் ஆங்கிலம் அறியாத ஊரில் அந்த அறிவு வைத்தியசாலை வாசலோடு நின்றுவிடும் என்பதை உணர்ந்தார். தமிழைக் கற்றார். வாந்திபேதி பரவிய காலத்தில், சனங்கள் தாமே வாசித்தறியத் தமிழில் துண்டுப்பிரசுரம் எழுதினார். 1864 முதல் வகுப்பையே தமிழில் நடத்தினார்.

பாடநூல்கள் இல்லாததால் தம் மாணாக்கருடன் சேர்ந்து மொழிபெயர்த்தார். 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், 1875இல் கெமிஸ்தம் என அவை வெளிவந்தன. பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைத்தால் அதையும், கிடையாதவிடத்து வடசொல்லையோ ஆங்கிலச் சொல்லையோ எடுத்தாண்டார். கலைச்சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார். 1873இல் தாயகம் திரும்பிய பின்பும், 1884இல் இறக்கும்வரை தமிழ் மருத்துவ நூற்பணியை விடவில்லை. மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருக்குப்பின் தமிழில் மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. அதன் விலையை எமது அறையிலேயே காண்கிறோம். மார்பில் கட்டியோடு பல மாதம் தாமதித்து ஒரு தாய் வந்தார். முதலில் பார்த்த இடத்தில் கொடுத்த துண்டு பத்திரமாக அவரது பையில் இருந்தது. உடனே மேற்பரிசோதனைக்குப் போகவேண்டும் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. யாரும் அதை அவருக்கு வாசித்துச் சொல்லவில்லை. புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு தெல்லிப்பழையிலேயே இருந்தும், அத்தாய்க்கு அது எட்டாத் தூரமாயிற்று. பிறரைக் குறைகூற எமக்குத் தகுதியில்லை. வரிசை நீண்ட நாட்களில் நாமும் ஆங்கிலத்தில் கிறுக்கி அனுப்பியவர்களே.

எங்கிருந்தாலும் எம் சகோதரிகளை வேண்டுவது இதுவே: வைத்தியராக, தாதியராக இருப்போர், நோயின் பெயர், மருந்து, அடுத்துச் செய்யவேண்டியது ஆகிய மூன்றையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். மற்றையோர், கையில் தந்த துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டறியாமல் எழுந்து வராதீர்கள்.