ஜேம்ஸ் டேவார்

சர் ஜேம்ஸ் டேவார் (செப்டம்பர் 20, 1842 – மார்ச் 27, 1923) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வேதியியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். வெற்றிடக் குடுவையை உருவாக்கியவர், ஹைட்ரஜன் வளிமத்தை முதன்முதலில் கலத்தில் திரட்டத்தக்க அளவில் திரவமாக்கியவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். பல்கலைக்கழக ஆய்வகங்களில் உயிரணுக்கள், விந்தணுக்கள், நுண்ணுயிர் மாதிரிகள் முதலியவற்றைத் திரவ நைட்ரஜனில் சேமிக்கப் பயன்படும் கலன்கள் இன்றும் இவரது பெயராலேயே டேவார் கலன்கள் என அழைக்கப்படுகின்றன.

இளமைக்காலம்

டேவார் ஸ்காட்லாந்தின் கின்கார்டின் என்னும் சிற்றூரில் ஒரு மது வணிகரின் கடைசி மகனாகப் பிறந்தார். பத்து வயதளவில், உறைந்திருந்த நீர்நிலை ஒன்றின் பனிப்படலம் உடைந்து உள்ளே விழுந்தார். அதைத் தொடர்ந்து வந்த வாதக் காய்ச்சலால் நெடுநாள் பள்ளிக்குச் செல்ல இயலவில்லை. அந்நாட்களில் ஊர்த் தச்சர் ஒருவரிடம் வயலின் செய்யக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் ஆய்வுக்கருவிகளைத் தம் கையாலேயே அமைக்கும் திறமை தமக்கு அங்கிருந்தே வந்தது என அவர் கருதினார். 15 வயதுக்குள் பெற்றோர் இருவரையும் இழந்தார்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்கு லயன் பிளேஃபேரின் உதவியாளராகப் பணியாற்றினார். 1867இல் கெண்ட் நகரில் கெக்குலேயின் ஆய்வகத்தில் சிறிது காலம் இருந்தார். 1875இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும், 1877இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனிலும் பேராசிரியரானார். இரு பதவிகளையும் இறுதிவரை வகித்தார் எனினும், குளிர்நிலை ஆய்வுகளை லண்டனிலேயே நடத்தினார்.

வெற்றிடக் குடுவை

ஆக்சிஜன் வளிமம் திரவமாகக்கூடியது என்பதை 1877இல் பிரான்சில் கயேத்தேயும் சுவிட்சர்லாந்தில் பிக்தேயும் காட்டினர். 1883இல் கிராக்கோவில் விரோப்லெவ்ஸ்கி, ஓல்செவ்ஸ்கி ஆகிய இருவரும் அதைத் திரவ நிலையிலேயே நிலைக்கச் செய்தனர். டேவாரின் நோக்கம் வேறு. அவர் லிட்டர் கணக்கில் திரவ ஆக்சிஜனைத் தயாரிக்க முனைந்தார். தயாரிப்பதைவிட அதை வைத்திருப்பதே பெரிய இடராயிற்று. ஏறத்தாழ -183 °செ.இல் கொதிக்கும் திரவத்துக்கு அறையின் காற்றே அடுப்பைப் போன்றது. சாதாரணக் கண்ணாடிக் கலத்தில் ஊற்றிய சிறிது நேரத்திலேயே அது ஆவியாகிவிடும்.

1892இல் டேவார் ஒன்றுக்குள் ஒன்றாக இரு கண்ணாடிக் கலங்களை வைத்து, அவற்றின் வாய்ப்பகுதியை இணைத்து, இடையில் இருந்த காற்றை வெளியேற்றினார். வெப்பம் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்னும் மூன்று வழிகளில் பரவுகிறது. வெற்றிடம் முதல் இரண்டையும் பெருமளவு தடுத்தது. உட்சுவர்களில் வெள்ளி பூசியதால் மூன்றாவதும் குறைந்தது.

இக்குடுவைக்கு டேவார் காப்புரிமை பெறவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த கண்ணாடித் தொழிலாளரான ரைனோல்ட் பூர்கர் உலோக உறையிட்ட வீட்டு உபயோகக் குடுவைக்கு 1903இல் காப்புரிமை பெற்றார். அதுவே தெர்மோஸ் என்ற பெயரில் உலகெங்கும் விற்பனையாயிற்று. டேவாருக்கு அதில் பங்கு ஏதும் கிடைக்கவில்லை.

ஹைட்ரஜனும் ஹீலியமும்

1898 மே 10 அன்று டேவார் ஏறத்தாழ 20 கன சென்டிமீட்டர் திரவ ஹைட்ரஜனைத் திரட்டினார். அதன் கொதிநிலை சுமார் -253 °செ. ஆகும். அடுத்த ஆண்டு அதை உறையவும் வைத்தார். இவ்வெற்றிக்குக் கொடுக்கப்பட்ட விலை பெரிது. உயரழுத்த வளிமங்களுடன் நிகழ்ந்த வெடிப்புகளில் அவரது உதவியாளர்களான லெனாக்சும் ஹீத்தும் ஆளுக்கொரு கண்ணை இழந்தனர். புகழ் பெரும்பாலும் டேவாருக்கே சென்றது.

எஞ்சியது ஹீலியம் மட்டுமே. அவ்வளிமத்தைப் பற்றி மிகுதியாக அறிந்திருந்த வில்லியம் ராம்சே அதே லண்டன் நகரிலேயே இருந்தார். ஆயினும் இருவருக்கும் இடையே பகை முற்றியிருந்ததால் கூட்டு முயற்சி நடைபெறவில்லை. டேவாரிடம் இருந்த ஹீலியத்தில் கலந்திருந்த நியான் உறைந்து குழாய்களை அடைத்தது. 1908 ஜூலை 10 அன்று நெதர்லாந்தின் லைடனில் காமர்லிங் ஓன்னஸ் ஹீலியத்தைத் திரவமாக்கினார். டேவார் சற்று விட்டுக்கொடுத்திருந்தால் அந்த முதன்மை லண்டனுக்குக் கிடைத்திருக்கலாம்.

உயிர்ப்பொருள்களும் கடுங்குளிரும்

டேவாரின் வாழ்க்கை வரலாறுகளில் குறைவாகவே பேசப்படும் பகுதி இது. 1899இல் தாவரவியலாளர் திசல்டன்-டயர், கோதுமை, வாற்கோதுமை, பட்டாணி, கடுகு உள்ளிட்ட விதைகளை டேவார் தயாரித்த திரவ ஹைட்ரஜனில் 6 மணி நேரம் அமிழ்த்திவைக்கச் செய்தார். பின்னர் விதைக்கப்பட்டபோது அவை முளைத்தன.

1900இல் நுண்ணுயிரியலாளர் ஆலன் மக்ஃபாடியன் டைபாய்டு, காலரா, தொண்டை அடைப்பான் நோய்களின் கிருமிகள் உட்படப் பத்து வகை பாக்டீரியாக்களை டேவாரின் உதவியுடன் சோதித்தார். அவை திரவக் காற்றின் குளிரில் முதலில் 20 மணி நேரமும், பின்னர் 7 நாட்களும், அதன்பின் திரவ ஹைட்ரஜனின் குளிரில் 10 மணி நேரமும் வைக்கப்பட்டன. குளிர் நீங்கியதும் அவை வழக்கம்போல் பெருகின. ஒளிரும் பாக்டீரியாக்கள் குளிரில் ஒளி இழந்து, உருகியவுடன் மீண்டும் ஒளிர்ந்தன. உயிர்ச்செயல்கள் நின்றுபோவதும் உயிர் அழிவதும் ஒன்றல்ல என்பது இதனால் தெளிவாயிற்று.

விலங்குகளின் உயிரணுக்கள் அவ்வாறு எளிதில் தப்புவதில்லை. உறையும்போது உண்டாகும் பனிப்படிகங்களும் உப்புச் செறிவும் அவற்றைச் சிதைத்துவிடும். 1949இல் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகியோர் கிளிசரால் சேர்த்தால் கோழியின் விந்தணுக்கள் பிழைக்கும் எனக் கண்டறிந்தனர். அதன்பின் டேவாரின் குடுவை உயிரியல் ஆய்வகத்தில் நிலையான இடம் பெற்றது. -80 °செ. உறைபெட்டி மின்சாரம் நின்றால் மெல்ல வெப்பமடையும். -196 °செ.இல் உள்ள டேவார் கலனுக்கு மின்சாரம் தேவையில்லை. ஆவியாகும் நைட்ரஜனை அவ்வப்போது ஈடுசெய்தால் போதும். வளிமம் வெளியேற வேண்டியிருப்பதால் அதன் மூடி இறுக்கி அடைக்கப்படுவதில்லை.

பிற பணிகளும் இறுதிக்காலமும்

1889இல் ஃபிரெட்ரிக் ஏபலுடன் இணைந்து கார்டைட் என்னும் புகை குறைந்த வெடிமருந்தை உருவாக்கினார். ஆல்பிரட் நோபல் தரப்பு தொடுத்த காப்புரிமை வழக்கு 1895இல் நோபலுக்குப் பாதகமாக முடிந்தது. டேவார் 1904இல் சர் பட்டமும், 1916இல் காப்ளி பதக்கமும் பெற்றார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.

முதல் உலகப்போரின்போது ஆய்வக உதவியாளர்கள் குறைந்ததால் குளிர்நிலை ஆய்வைக் கைவிட்டுச் சோப்புக் குமிழிகளையும் மென்படலங்களையும் ஆராய்ந்தார். 1871இல் ஹெலன் பேங்க்ஸ் என்பவரை மணந்த இவருக்குக் குழந்தைகள் இல்லை. இளமையில் செய்த வயலின்களுள் ஒன்று இவரது திருமணப் பொன்விழாவில் வாசிக்கப்பட்டது. ஓய்வு பெறாமலேயே பணியாற்றி 1923இல் தமது 80ஆம் வயதில் லண்டனில் காலமானார். நிலவின் மறுபக்கத்தில் உள்ள குழிப்பள்ளம் ஒன்றுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.